உப்புத் தண்ணீர்ப் புள்ளிகள்

மார்ச் 3, ஞாயிறு

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். மகளிர் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவுன்சலிங்குக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ள மேடம் ஒரு நோட்டு போடச் சொன்னார். "கோவம் வர்றப்பல்லாம் என்ன நடந்துச்சோ அதை அப்படியே எழுதுங்க சார். நான் படிக்க மாட்டேன்." படிக்கவே போவதில்லை என்றால் எதற்கம்மா எழுதச் சொல்கிறீர்கள்? நாளைக்கே கொண்டு வா என்றால் நான் என்ன செய்வேன்? அதனால் பார்த்துத்தான் எழுதுவேன்.

பெயர் சென்னியப்பன். வயது நாற்பது. திருப்பூரில் பனியனுக்கு லேபிள் நெய்கிற யூனிட் வைத்திருக்கிறேன். மனைவி இந்துமதி. மகள் தன்விகா, ஐந்து வயது. பிப்ரவரி 11 அன்று வீட்டில் ஒரு சின்னச் சண்டை. ஒரு அறை விட்டேன். ஒன்றே ஒன்று. எந்த வீட்டில்தான் நடக்கவில்லை? மாடியில் குடியிருக்கிற டீச்சர் போன் போட்டு போலீசை வரவழைத்துவிட்டார். இந்துமதியே ஸ்டேஷனில் சொன்னாள்: "ஒரு அறைதானுங்க. போர்ட்டிகோவுல ஈரம், வழுக்கி உழுந்துட்டேன். காதுல அடி அதுலதான் பட்டுச்சு." எழுதியும் கொடுத்தாள். அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாராபுரத்தில் அண்ணன் மோகனசுந்தரம் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் ஆகிறது.

இன்று காலை வண்டியின் மேல் போட்டிருந்த உறையை எடுத்தேன். கறுப்பு வண்டி. துடைத்தே சாவாய் என்று எல்லாரும் சொன்னார்கள், வீம்புக்கு வாங்கினேன். பானட்டில் இருந்து டிக்கி வரை வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறது. அவள் செய்த வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி வெயிலில், கொதிக்கிற வண்டியின் மேல் போர் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, துடைக்காமல் அப்படியே விட்டாள். திருப்பூர் போர் தண்ணீர்! சோப்புப் போட்டால் நுரைக்காது, பருப்புப் போட்டால் வேகாது. ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் கழுவு, நிழலில் கழுவு, காய்வதற்குள் துடை என்று ஐந்து வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன்.

இருபத்து நான்காம் தேதி தன்விகாவுக்குக் காதுகுத்து. தை மாதமே நாள் குறித்தது. குலதெய்வம் அப்பன் பக்கம், கோயில் எங்கள் கோயில். நான் இல்லாமல் அவர்களால் நடத்த முடியாது. பெரியப்பா போனில் சொன்னார்: "கோயில்ல வெச்சே பேசி முடிச்சு, அங்கிருந்தே உன்ற வண்டில ஏத்தி உட்ரலாம். நீ வாயை மூடிட்டு வந்து சேரு."

இந்த வண்டியோடு எப்படிப் போவது? பார்க்கிறவன் எல்லாம் "என்ன மாப்ள, இது என்ன புள்ளி?" என்பான். அன்றைக்கு நடந்த பேச்சு கிளம்பும். புள்ளி போய்விட்டால் பேச்சும் போய்விடும். எனக்கு என் பெண்டாட்டி பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 4, திங்கள்

ரஃபீக்கின் பாலிஷ் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், வாய் மட்டும் பெரியது. கண்ணாடி பார்க்கிற மாதிரிக் குனிந்து பானட்டைப் பார்த்தான். நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டினான்.

"யாருங்ணா வெயில்ல வெச்சுக் கழுவுனது?"

"வீட்ல."

"நகம் தடுக்குது பாருங்க. உப்பு மேல நிக்கல, உள்ள எறங்கிருச்சு."

"மெஷின் போட்டு எடு. எவ்வளவு நேரம் ஆகும்?"

"மெஷினா? ஏற்கெனவே ரெண்டு தடவ போட்டாச்சுங்ணா. பெயிண்ட் மேல இருக்கற பூச்சு தோலு மாதிரி மெலிசாயிருச்சு. இன்னொரு தடவ ஓட்டுனா கிழிஞ்சுரும். கையாலதான் எடுக்கோணும். எனக்கு ஆளும் இல்ல, நேரமும் இல்ல. நீங்களே பண்ணிக்கங்க."

கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்த பக்கெட்டை ஒரு உதை விட்டேன். அது போய் ஷட்டரில் மோதித் தண்ணீர் எல்லாம் சிதறியது. ரஃபீக் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பக்கெட்டை எடுத்து வெச்சுட்டுப் பேசுங்ணா."

எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போதுவரை தெரியவில்லை.

அவன் சொன்னது: வண்டி நிழலில் குளிர்ந்து இருக்க வேண்டும். வினிகர் பாதி, குடிக்கிற தண்ணீர் பாதி. மெத்தென்ற துணியை அதில் நனைத்துப் புள்ளியின் மேல் ஒரு நிமிஷம் போட்டு வைக்க வேண்டும். அப்புறம் மெதுவாக ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைக்க வேண்டும். அதற்கும் போகாததைப் பாலிஷ் பசையை ஸ்பாஞ்சில் தொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், மூன்று விரலால் தேய்க்க வேண்டும். "மூணு வெரலுங்ணா. முஷ்டி இல்ல. அமுக்குனா போச்சு."

மார்ச் 6, புதன்

பானட்டில் பாதி முடிந்தது. வீடெல்லாம் ஊறுகாய் நாற்றம். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிஷம் என்றால் எத்தனை புள்ளி! பொறுமை என்று ஒன்றை எனக்கு யாரும் பெற்றுப் போடவில்லை. நாற்பதாவது புள்ளியில் துணியைச் சுவரில் விட்டெறிந்தேன். பிறகு போய் எடுத்து, மண் ஒட்டியிருந்ததால் வேறு துணி எடுத்தேன். மண் ஒட்டிய துணியால் தேய்த்தால் கோடு விழும்.

அலசுவதற்குப் பழைய ஹோஸ் பைப்பை எடுத்தேன். முனையில் இருக்கிற பித்தளை நாசில் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. தண்ணீர் நேராக வராமல் சாய்ந்து அடிக்கிறது. புதுசு வாங்கிக்கொண்டேன். பழையதை யூனிட்டுக்குப் பின்னால் இருக்கிற சாக்கடையில் போட்டுவிட்டேன். பித்தளை எதில் பட்டு நெளிந்தது என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மார்ச் 8, வெள்ளி

யூனிட்டில் வேலை செய்கிற வெங்கிடு டீ டம்ளரைக் கொண்டுவந்து பானட் மேல் வைத்தான். நான் தேய்த்து முடித்த இடத்தில். டீயை அவன் முகத்தில் ஊற்றினேன். ஆறித்தான் இருந்தது.

மார்ச் 9, சனி

வெங்கிடு வேலைக்கு வரவில்லை. கன்னத்தில் கொப்புளமாம். அவன் பெண்டாட்டி வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். ஆறின டீயில் கொப்புளம் வருமா? எல்லாம் நடிப்பு.

மார்ச் 10, ஞாயிறு

இந்துமதி போன் எடுத்தாள்! நாலு வாரத்தில் முதல் தடவை.

"சாப்ட்டியா?"

மறுபடி கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"சித்தெ இருங், போனை மாத்தி வெச்சுக்கறேன். இந்தப் பக்கம் கேக்கறதில்லைங்."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கந்தான்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஜவ்வு கிழிஞ்சிருக்குதாமா. தானா மூடுதான்னு ரெண்டு மாசம் பாப்பாங்களாமா. மூடலைன்னா ஆப்பரேசனாமா. விடுங், அதெதுக்கு இப்ப. நீங்க சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். வண்டியில் புள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன்.

"கேட்டுச்சுங்," என்றாள்.

மோகனசுந்தரம் மச்சான் போனை வாங்கினார். நல்ல மனுஷன். "மாப்ள, ஒரு அறைக்கு இத்தன தூரம் போயிருக்க வேண்டாம். அவளும் பாத்து நடந்திருக்கோணும், ஈரத்துல ஓடலாமா? காதுகுத்துக்கு வந்துருங்க, எல்லாஞ் சரியாயிரும்" என்றார். அவருக்கு அவள் சொன்னது மட்டும்தான் தெரியும்.

போனை வைத்தபின் கூரைப் பகுதியைத் தேய்த்தேன். இன்று நன்றாக வந்தது. பத்துக்கு எட்டு போய்விட்டது.

மார்ச் 13, புதன்

கவுன்சலிங். "அன்னைக்குக் காலையில இருந்து சொல்லுங்க சார்" என்றார் மேடம்.

சொன்னேன். முந்தின நாள் சனிக்கிழமை நான்தான் சத்தம் போட்டிருந்தேன், "வண்டி பன்னி மாதிரி இருக்குது, நாளைக்கு மத்தியானம் பத்திரிகை வெக்கப் போகோணும், இதுலயா போறது?" என்று. காதுகுத்துப் பத்திரிகைதான். ஞாயிறு காலை யூனிட்டில் தறி நின்றுவிட்டது, போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒன்றரை மணி. வண்டி முழுக்க வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அவள் சிரித்துக்கொண்டே வந்து, "ஏனுங், கழுவிட்டேன் பாருங்" என்றாள்.

"ஆத்துத் தண்ணி ஏன் எடுக்கலையாம்?" என்று மேடம் கேட்டார்.

அது ஒன்பது நாளாக வரவில்லை. டிரம்மில் கொஞ்சம்தான் இருந்தது. தன்விகாவுக்கு உப்புத் தண்ணீரில் குளித்தால் உடம்பெல்லாம் தடிக்கும், அதனால் அதைத் தொடாமல் வைத்திருந்தாள். இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. யார் யோசிப்பார்கள்?

"அவங்க சிரிச்சுட்டே வந்தாங்க. அப்பறம்?"

அப்புறம் ஒரு அறை என்றேன். மேடம் பேனாவை மூடி வைத்தார். மேசையின் மேல் இருந்த தண்ணீர் கிளாஸை எடுத்து அவர் தலையில் போட வேண்டும் போல் இருந்தது. போடவில்லை. அதை எழுதச் சொன்னீர்களே, எழுதிவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

கை வீங்கியிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன், கோணலாக வரும்.

புஷ்பா தியேட்டர் பக்கம் சிக்னலில் நின்றேன். முன்னால் ஒரு தண்ணி லாரி, பின்பக்க வால்வு ஒழுகிக்கொண்டே இருந்தது. கிளம்பும்போது குலுங்கி, பானட் முழுக்கப் பீய்ச்சியது. உப்புத் தண்ணீர். பன்னிரண்டு நாள் தேய்த்த பானட்! இறங்கி ஓடி லாரிக் கதவைத் திறந்து டிரைவரைச் சட்டையோடு இழுத்துப் போட்டேன். என் பெரியப்பா வயசு இருக்கும். "ஏனுங் தம்பி, என்னங் தம்பி" என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கும்பிட்ட கையின் மேலேயேதான் குத்தினேன். கீழே விழுந்த பிறகும் இரண்டு மிதி. விலா எலும்பில் பட்டபோது ஒரு சத்தம் கேட்டது.

கூட்டம் என்னைப் பிடித்து நாலு போட்டது. உதடு கிழிந்தது. யாரோ அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். என்னை இழுத்துப் போனவர்களிடம் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? "சித்தெ உடுங்கடா, காயறதுக்குள்ள தொடைக்கோணும்." வெயிலில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது, எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. என்னைப் பிடித்திருந்தவன் ஒருவன் கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான். பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

போலீசில் சமாதானம் பேசி, ஆஸ்பத்திரிச் செலவு ஏற்றுக்கொண்டு வந்தேன். பெரியப்பாவுக்குத் தெரியக் கூடாது. மச்சானுக்குத் தெரியவே கூடாது.

மார்ச் 17, ஞாயிறு

இடது பக்கப் பின்கதவு. அங்கேதான் புள்ளி அதிகம். கைப்பிடிக்குக் கீழே, ரப்பர் பட்டை ஓரத்தில் ஒரு கறை இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை, இது மட்டும் பழுப்பு. வினிகர் துணியை வைப்பதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் தொட்டுப் பார்த்தேன், அதிலேயே கரைந்து வந்துவிட்டது. துணி சிவப்பாயிற்று. துரு என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பசையைத் தொட்டு அந்தக் கதவைத் தேய்க்க ஆரம்பித்தேன். மூன்று விரல் இல்லை, முழுக் கையும், முழங்கை பலமும். வீங்கின கையோடு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஸ்பாஞ்ச் கிழிந்து, அதன் பின்பக்க பிளாஸ்டிக் உராயும் சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினேன்.

ரஃபீக்கைக் கூப்பிட்டேன். வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மங்கிச் சாம்பலாகியிருந்தது.

"பூச்சு போயிருச்சுங்ணா."

"திரும்பப் பாலிஷ் போட்டா?"

"இது புள்ளி இல்லீங்ணா. புள்ளின்னா எடுக்கலாம். இது போனது போனதுதான். கதவு முழுக்கப் பெயிண்ட் அடிச்சாத்தான் உண்டு." எழுந்து கையைத் துடைத்தான். "நான் சொன்னனுங்களா இல்லீங்களா? உங்களுக்குத் தேய்க்கறதுக்கும் அடிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியலைங்ணா."

அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். அவன் கையை ஓங்கவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "அடிங்க. அடிச்சுட்டு வேற ஆளைப் பாத்துக்கங்க" என்றான். விட்டுவிட்டேன். போய்விட்டான்.

வேறு ஆள் யார் இருக்கிறார்கள்?

மார்ச் 19, செவ்வாய்

இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

மார்ச் 20, புதன்

துரு இல்லை. வெறும் தண்ணீரில் கரைகிற துரு எந்த ஊரில் இருக்கிறது?

எழுதித் தொலைக்கிறேன். படித்தால் படிக்கட்டும்.

"கழுவிட்டேன் பாருங்" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் ஹோஸ் பைப் இருந்தது. அதைப் பிடுங்கினேன். நாசில் பக்கத்தை வெளியே விட்டுச் சுழற்றி அடித்தேன். முதல் அடி தோளில். அவள் திரும்பி ஓடப் பார்த்தாள், போர்ட்டிகோவில் ஈரம், வழுக்கியது உண்மைதான். வண்டியின் பின்கதவில் போய் மோதிச் சரிந்தாள். சரிந்தவளைத்தான் அடித்தேன். இரண்டாவது முதுகில். மூன்றாவது காதில். பித்தளை நெளிந்தது அதில்தான். அப்புறம் எண்ணவில்லை. ஒரு பத்து இருக்கும். அவள் "புள்ள பாக்குதுங், புள்ள பாக்குதுங்" என்றாள். அது ஒன்றைத்தான் கேட்டாள். அடிக்காதே என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு அறை! நானே சொல்லிச் சொல்லி எனக்கே அது ஒரு அறையாகிவிட்டிருந்தது. அவளும் அதையே எழுதிக் கொடுத்தாள். ஏன் சொன்னாள் என்று இன்று காலையில் இருந்து யோசிக்கிறேன். அன்போ மானமோ என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. திரும்ப இதே வீட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கும் என்ற பயம்.

எழுதிவிட்டேன். இனி இப்படி நடக்காது. சத்தியமாக நடக்காது. வண்டியைக் காட்டிலும் நான்தான் திருந்த வேண்டும் என்று மேடம் சொல்வார், சரி, திருந்துகிறேன். அவள் வந்தால் போதும்.

மார்ச் 23, சனி

சாம்பல் திட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் சுத்தம். நேற்று முழுக்க மூன்று விரலால்தான் தேய்த்தேன். முகம் தெரிகிறது. ஆற்றுத் தண்ணீர் வந்தது, நிழலில் வைத்து அலசி, பூந்துவாலையால் துடைத்தேன். பின்கதவில் மாலை ஒன்று தொங்கவிட்டுக்கொள்ளலாம், கோயிலுக்குத்தானே போகிறது.

வெங்கிடு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் கன்னத்தில் தோல் உரிந்து ரோஸ் நிறத்தில் இருக்கிறது. "பரவால்லீங் மொதலாளி" என்றான். பயத்தில் சொன்னானா, மனசாரச் சொன்னானா? இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது.

மார்ச் 24, ஞாயிறு

காங்கயம் பக்கம் எங்கள் கோயில். எட்டு மணிக்கே போய்விட்டேன். பந்தல், மைக் செட், பந்தி எல்லாம் பெரியப்பா ஏற்பாடு. வண்டியைப் பார்த்து எல்லாரும் "புதுசா எடுத்தியா?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன்.

மச்சானோடு எல்லாரும் வேனில் வந்து இறங்கினார்கள். இந்துமதி இளைத்திருந்தாள். யாராவது பேசினால் தலையைச் சாய்த்து வலது பக்கத்தைக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தன்விகா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வா கண்ணு" என்றேன். வந்தாள். கூப்பிட்டவுடனே வந்தாள். எனக்கு மனசு பூரித்துப் போய்விட்டது.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். மச்சான் பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு சம்மணமிட்டிருந்தார். காது குத்துகிற ஆசாரி கம்பியை எடுத்து, "புள்ள துள்ளும், கையை ஒருத்தரு கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றார். பெரியப்பா என்னைத் தள்ளினார். "அப்பன் எதுக்கு இருக்கறான்? நீ புடி."

முன்னால் மண்டியிட்டு அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன். என் ஒரு கைக்குள் இரண்டும் அடங்கிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

தன்விகா அழுதால் மூன்று தெருவுக்குக் கேட்கும். தடுப்பூசி போட்ட நாளில் ஆஸ்பத்திரி நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டாள். அப்படிப்பட்ட பிள்ளை. ஆசாரி இடது காதில் குத்தினார். உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. சத்தம் இல்லை. கம்பி காதுச் சோணையைத் தாண்டி மறுபக்கம் வந்ததை நான் பார்த்தேன், ரத்தம் சொட்டாக நின்றதைப் பார்த்தேன். அவள் கீழ் உதட்டை வாய்க்குள் இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாயில் இருந்து மூச்சுக்கூட வரவில்லை. கண்ணை என் முகத்தில் இருந்து எடுக்கவே இல்லை. வலது காதும் ஆயிற்று. அதற்கும் சத்தம் இல்லை.

"அட சாமி! எம்பது வயசுக் கட்டை நான், எத்தன புள்ளைக்குக் குத்தியிருப்பேன், இப்படி ஒரு புள்ளையைக் கண்டதில்லைங்!" என்றார் ஆசாரி. பொம்பளைகள் திருஷ்டி கழித்தார்கள். பெரியப்பா மைக்கிலேயே சொன்னார்: "அப்பன் கையைப் புடிச்சதும் எப்படிக் கம்முனு இருந்துச்சு பாருங்க! அப்பன் புள்ள பாசம்னா இதுதான்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

அவள் ஏன் அழவில்லை என்று எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பிப்ரவரி 11 அன்று, இந்துமதி கீழே கிடந்தபோது, தன்விகா நிலைப்படியில் நின்று வீறிட்டு அழுதாள். நான் கையில் பைப்போடு திரும்பினேன். "வாயைத் தொறந்தீன்னா உனக்கும் இதேதான்" என்றேன். அவள் உதட்டை வாய்க்குள் இழுத்துக் கடித்துக்கொண்டாள். இதை நான் புதன்கிழமை எழுதவில்லை. எழுதிவிட்டேன் என்று எழுதினேனே, அதில் இது இல்லை.

பந்தி முடிந்து பந்தலில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். பேச்சு ஐந்து நிமிஷம்கூட இல்லை. "ஒரு அறைக்கு ஊரு கூடோணுமா? புருசன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். போம்மணி, வண்டில ஏறு" என்றார் பெரியப்பா. மச்சானும் தலையாட்டினார். இந்துமதி பையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் பிள்ளை. இருபது நாளாக நான் கேட்டது அதுதான். நடந்து வந்துகொண்டே இருந்தது. பின்கதவை நான்தான் திறந்துவிட்டேன். மொட்டைத் தலையோடு தன்விகா ஏறி, சீட்டின் ஓரத்தில், எதிலும் கை படாமல் உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு கண்ணு," என்றேன்.

எல்லாரும் பார்த்தார்கள். இந்துமதியின் கையில் இருந்த பை நழுவியது. நான் அடிக்கப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள், தோள் உள்ளே ஒடுங்கியது, அதைப் பார்த்தேன்.

"மச்சான், கூட்டிட்டுப் போயிருங்க. ஒரு அறை இல்ல. ஹோஸ் பைப்ல அடிச்சேன். பித்தளை மொனையில. பத்து இருக்கும், மேலயும் இருக்கும். கீழ உழுந்தவளை அடிச்சேன். காது அதுல போனதுதான். பாத்துட்டு அழுத புள்ளைகிட்ட, வாயைத் தொறந்தா உனக்கும் இதேன்னு சொன்னேன். அதான் இன்னைக்கு அழுவல. பாசமும் இல்ல, மயிரும் இல்ல. போன வாரங்கூட ஒரு பெரிய மனுசனை ரோட்டுல போட்டு மிதிச்சேன். இனிமே மாட்டேன்னு எழுதி வெச்சிருக்கறேன். எனக்கே நம்பிக்கை இல்ல. அனுப்பாதீங்க. நான் வந்து கூப்ட்டாலும் அனுப்பாதீங்க. கால்ல உழுந்தாலும் அனுப்பாதீங்க."

பெரியப்பா, "டேய், டேய், வாயை மூட்றா" என்றார்.

மோகனசுந்தரம் மச்சான் தங்கையைப் பார்த்தார். "நெசமா அம்மணி?"

இந்துமதி வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். தலையை ஆட்டினாள்.

அப்புறம் அவர் என்னை அடித்தார். முதல் குத்து மூக்கில், எலும்பு நொறுங்குவது எனக்கே கேட்டது. வண்டியின் மேல் போய் விழுந்தேன், காலரைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். மண் வாய்க்குள் போயிற்று. மார்பின் மேல் முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அடித்தார், அடித்துக்கொண்டே அழுதார். என் கை தானாக எழுந்தது. முஷ்டியும் மடங்கிவிட்டது. அதைக் கொண்டுபோய் முதுகுக்குக் கீழே போட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தன்விகா வாயைத் திறந்தாள்.

அம்மாவைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வீறிட்டாள். "அப்பாவை அடிக்காதீங்க மாமா" என்றாள், பிறகு வார்த்தையே இல்லாமல் வெறும் கத்தல். மைக் இன்னும் அணைக்காமல் இருந்தது, அது வாங்கி வயல் பக்கமெல்லாம் அனுப்பியது. மச்சான் கை அப்படியே நின்றுவிட்டது. பொம்பளைகள் நாலு பேர் ஓடி வந்து அவள் வாயில் கையை வைத்தார்கள்.

"அழுவாத சாமி. கம்முனு இரு கண்ணு. நல்ல புள்ளையல்ல, அழுவாத."

"அழுவட்டும் உடுங்க," என்றேன். வாயெல்லாம் ரத்தமும் மண்ணும், யாருக்கும் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இந்துமதி மட்டும் காதைத் திருப்பிக் கேட்டு, பிள்ளையின் வாயில் இருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள்.